அந்த அறையில் விட்டுவந்த மூச்சு

எனக்கு வலப்பக்கம், ஜெயரூபிக்கு இடப்பக்கம். அதனால்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள், நான் கேட்கவில்லை. கேட்காதவள் கதை சொல்ல வந்தது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் கேட்டவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், அவர்களுக்குப் பயம்.

என் பெயர் கமலாதேவி. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளைத் தட்டச்சு செய்கிறவள். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைக்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. மார்பில் கட்டி என்று டொக்டர் சொன்னபோதுகூட முதலில் அறிக்கையைத்தான் கேட்டேன். தொடக்க நிலைதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அதன் பிறகு கதிர்ச் சிகிச்சை என்றார்கள். எடுத்தார்கள். காயம் ஆறியதும், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வரத் தொடங்கினேன்.

அந்தக் கட்டடம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே பல் கிட்டும் குளிர். திருகோணமலை நகரத்துக்குள் திரியும் மான்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று, வாங்கில் வரிசையாக முறைக்குக் காத்திருக்கும் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். காவல்காரன் தடியை ஓங்கினாலும் அசையாது. நடைபாதையின் முடிவில் ஒரு தடித்த கதவு. அதற்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால், உள்ளே கதிர் ஓடுகிறது, ஒருத்தி தன்னந்தனியே கிடக்கிறாள் என்று அர்த்தம். அப்போது வாங்கில் யாரும் கதைக்கமாட்டார்கள்.

மெசினை ஓட்டுகிறவன் சுகிர்தன் என்ற பொடியன். போன வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். நல்ல பிள்ளை, கேட்டதற்குப் பதில் சொல்லுவான்.

"ஒவ்வொரு நாளும் ஏன் தம்பி புதுசா படம் எடுக்கிறியள்? முதல் நாள் எடுத்ததை வச்சுச் செய்ய ஏலாதே?" என்று கேட்டேன்.

"நேற்றைய உடம்பு இண்டைக்கு இல்லை அக்கா. கட்டி எடுத்த இடத்தில தண்ணி வத்தும், தசை வீங்கும், இறங்கும். மெசின் முதல்ல படம் எடுத்து, இண்டைக்கு நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு பார்த்து, அதுக்கேத்த மாதிரிக் கோட்டை மாத்திப் போடும். பிறகுதான் கரண்ட், அதுதான் கதிர்."

ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய திரையை எனக்குக் காட்டினான். முதல் நாள் எடுத்த என் படம் நீலத்தில், அன்றைக்கு எடுத்தது செம்மஞ்சளில். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தபோது ஓரங்கள் பொருந்தவில்லை. ஒருத்திக்கு மேல் இன்னொருத்தி படுத்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் நான்தான் என்றான் சுகிர்தன்.

இடப்பக்கக்காரிகளுக்கு இன்னுமொரு வேலை இருந்தது. இதயம் அந்தப் பக்கம் அல்லவா? மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் நிறைந்து, இதயம் நெஞ்சுச் சுவரை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகும். அந்த இடைவெளியில்தான் கதிரை விடுவார்கள். பிடித்த மூச்சு நழுவினால், நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் கமெரா கண்டுபிடித்து மெசினை நிறுத்திவிடும். என் இதயம் வழியில் இல்லாதபடியால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எங்கட அவர் உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். பதிவு செய்து வைத்த குரல், ஒரு பெண்ணின் குரல், நல்ல தமிழ். "மூச்சை நல்லா உள்ள இழுங்கோ. பிடியுங்கோ." பிறகு நீண்ட மௌனம். பிறகு, "விடுங்கோ." அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு வாங்கில் இருந்தவர்கள் மூச்சுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அவ மௌத்தான ஆளாம்," என்று முதலில் எனக்குச் சொன்னவள் கிண்ணியா ரபீக்கா. நாற்பது வயதிருக்கும், இடப்பக்கம். புருசன் சரீப் ஒவ்வொரு நாளும் கூட வந்து வாசலில் மான்களோடு நிற்பான்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் செல்றாங்க. இந்த மெசின்ல மொதமொதலாப் படுத்த மனிசியாம். குரலைப் பதிஞ்சு குடுத்துட்டு மௌத்தாகிட்டாவாம்."

"கதைக்குக் கால் முளைச்சா ஊர் முழுக்க ஓடும் ரபீக்கா. ஒரு குரல் நல்லா இருந்தாச் சாகடிச்சுப் போடுவியளோ?"

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து வந்து இருந்தாள். "அக்கா, புடியுங்கோ எண்டு செல்லிப்போட்டு ஒரு மௌனம் வருமே, அதுக்குள்ள ஒரு மூச்சுக் கேக்கும். சின்ன மூச்சு. இடது காதுக்குக் கிட்ட. நான் மூச்சைப் புடிச்சிட்டுக் கிடக்கன், அறைக்குள்ள வேற ஆருமில்ல. அப்ப அது ஆர்ர மூச்சு?"

நான் மற்ற இடப்பக்கக்காரிகளைப் பார்த்தேன். ஒருத்தி தலையைக் குனிந்தாள், இன்னொருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அது பொய் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

ஜெயரூபி வந்து சேர்ந்தது இந்தக் கதை நன்றாக வேர்விட்ட பிறகு. பாலையூற்றில் வீடு, ஐம்பதைத் தொடுகிற வயது, இடப்பக்கம். இந்த விபரமும் அவளுடைய அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவள் வாய் திறக்கமாட்டாள். பெயரைக் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், மிஞ்சிப்போனால் காதோடு காதாகக் கிசுகிசுப்பாள். இவ்வளவு திமிரா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

முதல் நாள் அவள் உள்ளே போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. திரும்பவும் எரிந்தது, அணைந்தது. சுகிர்தன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினான், வந்தான், மறுபடியும் ஓடினான். அவள் வெளியே வந்தபோது உதடுகள் வெளுத்திருந்தன. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

"அவங்கள மூச்சுக்காரி விடுறாவில்ல," என்றாள் ரபீக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு ஜெயரூபி கட்டடத்தைவிட்டு இறங்கிப் போனபோது நானும் பின்னாலே போனேன். அடுத்தவர் விடுப்புப் பார்க்கிற குணம் என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அவள் ஒரு மூலைக் கதிரையில் இருந்தாள். நான் எதிரே போய் இருந்தேன்.

"அக்கா," என்றாள். கிசுகிசுப்பு இல்லை, முழுக்குரல். "செத்துப்போனா எண்டு சொல்லுறாங்களே, அவவைப் பற்றி வேற என்ன கதைக்கினம்?"

நான் கிளாசை மேசையில் வைத்துவிட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். திருகோணமலையில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. கிண்ணியா, மூதூர் ஊடாக மட்டக்களப்பு செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும் என்று எத்தனையோ வருடமாகப் பஸ் நிலையத்தின் கரகரத்த ஒலிபெருக்கியில் கேட்கிற குரல் அது. முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. சின்ன யன்னல் வைத்த ஒரு கூண்டுக்குள் இருந்து சொல்லுகிறவளை யார் பார்ப்பது?

"பஸ் ஸ்ராண்டில அறிவிக்கிறது..."

"நான்தான். உள்ளுக்க மூச்சைப் பிடிக்கச் சொல்லுறதும் நான்தான் அக்கா. அங்க குரலை இறக்கிச் சொன்னபடியால் ஒருத்தருக்கும் பிடிபடேல்லை."

அதற்குப் பிறகு தேத்தண்ணி ஆறியது, நாங்கள் இருவரும் குடிக்கவில்லை. அவள் தன் கதையைச் சொன்னாள்.

பிறந்தது கட்டைபறிச்சான். சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. ஓடியாடக்கூடாது என்று வீட்டில் வைத்திருந்ததால், இருந்த இடத்திலிருந்தே ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மூதூர்ப் பக்கம் சண்டை வந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, முகாமில் யாரோ ஒரு மெகாபோனை அவள் கையில் கொடுத்தார்கள். காணாமற்போனவர்களின் பெயர்களை அவள் கூப்பிடவேண்டும், அவர்கள் முகாமுக்குள் எங்காவது இருந்தால் வருவார்கள்.

"கொஞ்சப் பேர் வந்தாங்கள். மற்றாக்கள் வரேல்லை. அவையின்ர தாய்மார் எனக்குப் பக்கத்தில நிண்டு, இன்னொருக்காக் கூப்பிடு பிள்ளை, இன்னொருக்கா எண்டு கேப்பினம். நான் கூப்பிடுவன். அப்பவே எனக்கு என்ர குரலில ஒரு பயம் இருந்தது அக்கா. கூப்பிட்டது எங்கயோ போய் நிக்குது எண்டு நினைப்பன்."

அந்த மெகாபோன்தான் பிறகு பஸ் நிலையத்து வேலைக்கும் வழி காட்டியது. கொண்டக்டராக இருந்த தவராசா அவளைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு ஆசைப்பட்டு, யன்னலுக்கால் எட்டிப் பார்த்துக் கலியாணம் பேச வந்தவர். "பார்த்த பிறகும் ஓடேல்லை," என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நாலு வருடத்துக்கு முன், சிகிச்சை நிலையம் திறக்குமுன், தமிழில் அறிவுறுத்தல் பதிய ஒரு குரல் தேவைப்பட்டது. பஸ் நிலையத்துக்கு ஆள் வந்தது. கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவர், நின்றுகொண்டு சொன்னால் நேரம் சரிவராது, படுத்திருக்கிறவரின் மூச்சுக்குப் பொருந்த வேண்டுமானால் படுத்தபடிதான் சொல்லவேண்டும் என்றார். அவள் சிரித்துக்கொண்டே மெசின் கட்டிலில் ஏறிப் படுத்தாள். மைக்கை நெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். பிடியுங்கோ என்று சொல்லிவிட்டுத் தானும் பிடித்தாள். முடியவில்லை. நடுவிலே களவாக ஒரு சின்ன மூச்சு எடுத்துவிட்டு, விடுங்கோ என்றாள். வெளியே இருந்தவர்கள் ஒன்றும் கவனிக்கவில்லை.

"அடுத்த நாள் எங்கட டைம்கீப்பர் ஆனந்தராசா அண்ணைக்குப் பகிடியாச் சொன்னன். அந்த மனுசன் சிரிக்கேல்லை. வருத்தக்காரர் படுக்கிற கட்டிலில விளையாட்டுக்கும் படுக்கக்கூடாது பிள்ளை, யன்னலுக்கால லேஞ்சி போட்டு இடம் பிடிச்சு வச்சிட்டெல்லோ வந்திருக்கிறாய் எண்டு ஏசினவர்."

எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கிற விதம் அதுதான். பஸ் நிற்குமுன் யன்னலுக்குள் கைலேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, எறிந்துவிட்டால் அந்த இருக்கை உங்களுடையது. மெதுவாக ஏறிப் போய் இருக்கலாம், ஒருவரும் தொடமாட்டார்கள்.

"மூடத்தனம்," என்றேன். "கட்டிலில படுத்தா வருத்தம் வருமெண்டா கட்டில் விக்கிறவன் எல்லே முதல்ல சாகவேணும்?"

"எனக்கும் அது தெரியும் அக்கா. ஆனா அங்க கையிரண்டையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கொண்டு கிடக்கேக்க தெரியாது. அவள் சொல்லுறாள், இழுங்கோ எண்டு. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குரலில சிரிப்பு இருக்குது. மெசின் ஒவ்வொரு நாளும் என்னைப் புதுசாப் பார்க்குது, எனக்கேத்தபடி மாறுது. அவள் மட்டும் மாறேல்லை. நான் வருவன் எண்டு தெரிஞ்சு அங்கேயே படுத்துக் கிடந்தவள் மாதிரி."

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. இத்தனை வருடம் மைக்குக்கு முன்னால் இருந்தவளுக்குத் தன் அறிவிப்புக் காதில் விழுந்தால் உதடும் கூடச் சேர்ந்து அசையும். பதிவில் போகிற சொல்லுக்கு அவளறியாமல் வாய் போகும், வாய் போனால் மூச்சு நழுவும். நெஞ்சு இறங்கியதும் மெசின் நின்றுவிடும். நடுவிலே அந்தக் களவு மூச்சு வந்தால் சொல்லவே வேண்டாம், அவளும் அதனோடு சேர்ந்து ஒரு மூச்சு எடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமைக்குள் மூச்சுப் பிடிபடாவிட்டால் பிடிக்காமலே செய்யவேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் கதிரில் ஒரு பங்கு இதயத்தைத் தொடும். நல்ல இதயத்துக்கே அது பிறகு ஒருநாள் கணக்குக் கேட்கும். இவளுடையது ஏற்கனவே பழுதுபட்டது.

"சுகிர்தனிட்டச் சொன்னால் என்ன? வேற குரல் போடுவான்தானே?"

"சொன்னா வாங்கில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். செத்தவளின்ர குரல் எண்டு நினைச்சே அவையள் இந்த நடுங்கு நடுங்கினம். அந்தக் குரல்காரியையே அதே வருத்தம் பிடிச்சு அதே கட்டிலில கிடத்தியிருக்குதெண்டு தெரிஞ்சா? ஒருத்தரும் உள்ள போகமாட்டினம் அக்கா."

அவள் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஏலவில்லை, அது எனக்குப் பெரிய கோபத்தைத் தந்தது.

வியாழக்கிழமை ரபீக்கா தன் முறை வருமுன் வாங்கிலிருந்து எழுந்தாள்.

"நான் போறன் அக்கா. இனி வரமாட்டன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?"

"நேத்து அந்த மூச்சு இன்னும் கிட்ட வந்திச்சு. கன்னத்தில பட்ட மாதிரி இருந்திச்சு. வருத்தத்தோட மௌத்தானாலும் எண்ட ஊட்டுல மௌத்தாகுறன்."

சரீப் அவளுடைய பையை எடுத்துக்கொண்டான். மான்கள் விலகி வழிவிட்டன. அவர்கள் ஓட்டோவில் ஏறிப் போனதும் நானும் இன்னொரு ஓட்டோவை மறித்து ஏறினேன். ஜெயரூபி காலையிலேயே வந்து, வழக்கம்போல மெசினை நிறுத்தவைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். லீவெடுத்து வீட்டில் இருந்தால் சுவரோடுதான் கதைக்கவேண்டும் என்பாள்.

நான் மூச்சிரைக்கக் கூண்டுக்குள் நுழைந்தபோது அவள் மைக்குக்கு முன்னால் இருந்தாள். ஆனந்தராசா பக்கத்தில் நின்றார்.

"ரபீக்கா போறாள். இனி வரமாட்டாளாம். அங்க பாருங்கோ."

யன்னலுக்கால் பார்த்தோம். கறுப்பு அபாயாவோடு ரபீக்கா கிண்ணியா பஸ்ஸின் வாசலில் நின்றாள். ஒரு கால் மிதிபலகையில் இருந்தது. சரீப் பின்னால் பையோடு நின்றான். ஜெயரூபி அவளையே பார்த்தாள். பிறகு மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. கிண்ணியா செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." வழக்கமான அறிவிப்பு. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலை இறக்கி, படுத்திருக்கிறவளின் காதுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மூச்சை நல்லா உள்ள இழுங்கோ. பிடியுங்கோ."

பஸ் நிலையம் அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன். கச்சான் கடலை விற்கிறவனின் கை காகிதச் சுருளுக்குள் போனபடி நின்றது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கொண்டக்டர் தலையைத் தூக்கினான். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லுகிறவள் யார், எதற்குச் சொல்லுகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு காலமும் ஏறு என்றால் ஏறி இறங்கு என்றால் இறங்கிய சனம், அந்தக் குரல் சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும்தான். ஒரு காகம் மட்டும் கத்தியது.

"விடுங்கோ."

ரபீக்கா மிதிபலகையிலிருந்து காலை எடுத்தாள். ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அதிலிருந்து வந்த மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே, அது போகிற வழியில் நடந்து, சனத்தை விலக்கிக்கொண்டு கூண்டின் யன்னலுக்கு வந்து நின்றாள். ஆனந்தராசா, "என்ன பிள்ளை, உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

ரபீக்கா யன்னலுக்குள் குனிந்து ஜெயரூபியைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஓம்."

"உசிரோடயா இருக்கிங்க?"

"இப்போதைக்கு."

ரபீக்காவின் கண் நிறைந்தது. பிறகு கோபம் வந்தது. "நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒங்களுக்கு யாசீன் ஓதுறன்! மௌத்தான மனிசி, ஆருமில்லாம அந்த அறைக்குள்ள கிடந்து தவிக்குதே எண்டு! உசிரோட இருக்கிற ஆளுக்கு!"

"ஓதினது வீண்போகாது," என்றாள் ஜெயரூபி. "செத்ததெண்டு கதை வந்தா ஆயுசு கெட்டியெண்டு எங்கட சனம் சொல்லும். நீங்கள் எனக்கு நீட்டித்தான் தந்திருக்கிறியள்." பிறகு, ஒளிக்க ஏலாது என்று நினைத்தாளோ என்னவோ, மற்றதையும் சொல்லிவிட்டாள். கட்டிலில் படுத்தது, களவாக மூச்சு எடுத்தது, இப்போது தானும் இடப்பக்கத்தோடு அதே கட்டிலில் கிடப்பது.

நான் ரபீக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. யன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஜெயரூபியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்ப எனக்குக் கேக்குற மூச்சு ஒங்கடதா?"

"என்ரதான்."

"ஒங்கட சாமானை அங்க போட்டுட்டு வந்தா மத்தவங்க பயப்புடாம என்ன செய்வாங்க? போய் எடுத்துட்டு வாங்க. போட்ட லேஞ்சியை நீங்கதான் எடுக்கோணும், வேற ஆராலயும் ஏலா."

சொல்லிவிட்டுச் சரீப்பைப் பார்த்தாள். கிண்ணியா பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது. அவர்கள் மறுபடியும் ஓட்டோ பிடித்து மேட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ரபீக்காவுக்குச் சிவப்பு விளக்கு ஒரே சீராக எரிந்தது.

அடுத்த நாள் ஜெயரூபி சுகிர்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையில் கையை வைத்தான். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அக்கா! நான் மைக்கில சொல்லுறன்." அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் பதிவை நிறுத்திவிட்டு, சுகிர்தன் தன் யாழ்ப்பாணக் குரலில் இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ என்றான். அவள் உதடு அசையவில்லை. படத்தில் நெஞ்சுச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி தெரிந்தது என்றான். டொக்டர் பழைய பேச்சை எடுக்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். வாங்கில் இருந்தவர்களுக்கு முடியவில்லை. குரல்காரி இவள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அந்த மூச்சு உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜெயரூபியைப் பார்த்தால் அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இருந்தார்கள். பயத்தோடு ஒரு மரியாதை. இது அவளைக் கட்டியைவிட அதிகமாக வருத்தியது. ரபீக்கா மட்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்து, "எப்ப எடுக்கப் போறிங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்களைவிடக் குறைந்த நாட்கள்தான் அவளுக்குப் போட்டிருந்தார்கள். தன் கடைசி நாள் உள்ளே போகுமுன் ஜெயரூபி சுகிர்தனிடம், "இண்டைக்குப் பதிவைப் போடுங்கோ தம்பி," என்றாள்.

"வேண்டாம் அக்கா. வீணா மெசின் நிண்டு நிண்டு..."

"நிண்டா நிக்கட்டும். போடுங்கோ."

கதவைச் சாத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. ரபீக்கா கண்ணை மூடி உள்ளுக்குள் ஓதினாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மான்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றன. அணையக்கூடாது, அணையக்கூடாது என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். நானாகத்தான் இருக்கவேண்டும். சாமி கும்பிடுகிற பழக்கம்கூட இல்லாத நான் அன்றைக்குக் கோணேசரைக் கூப்பிட்டேன்.

விளக்கு அணையவில்லை. முடிந்த பிறகுதான் அணைந்தது.

அவள் மெதுவாக வெளியே வந்தாள். வாங்கில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ரபீக்காவின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எப்பிடிச் செய்திங்க?" என்று கேட்டாள் ரபீக்கா.

"அவள் பிடியுங்கோ எண்டு சொன்னோன்ன நான் பஸ்ஸில ஏறினன். வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள்ள. சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, உப்பாறு, கங்கை எண்டு ஒவ்வொரு இடமாக் கடந்து போய்க்கொண்டிருந்தன். மூதூர் தாண்டேக்க அந்த மூச்சு வந்துது. இந்த முறை நான் அதோட சேர்ந்து எடுக்கேல்லை. பேசாமக் கிடந்தன். கட்டைபறிச்சானுக்கு பஸ் போய்ச் சேர அவள் விடுங்கோ எண்டாள். விட்டிட்டன். விட்டிட்டு அடுத்த மூச்சை இழுத்தன் பாருங்கோ..." அவள் நெஞ்சில் கையை வைத்தாள். "அது என்ரதுதான் ரபீக்கா. பழசு. எனக்குத் தெரிஞ்சுது. எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

நான் வழக்கம்போல மூக்கைச் சுளித்தேன். ஆனால் அடுத்து உள்ளே போன ரபீக்கா வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"இல்ல அக்கா. குரல் மட்டும்தான் இருக்கு. மூச்சு இல்ல."

மற்ற இடப்பக்கக்காரிகளும் அதையேதான் சொன்னார்கள். நான் சும்மா விடவில்லை. சுகிர்தனைப் பிடித்துக் கேட்டேன். பதிவை ஒருவரும் தொடவில்லை, நாலு வருடத்துக்கு முந்தியது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்றான். எனக்குப் போட்டுக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தேன். போட்டான். இழுங்கோ, பிடியுங்கோ என்று ஜெயரூபியின் சிரிப்புக் கலந்த குரல். பிறகு மௌனம். சுத்தமான மௌனம். பிறகு, விடுங்கோ. அதில் முன்பு மூச்சு இருந்ததா என்று நான் சாட்சிக் கையெழுத்து வைக்கமுடியாது, அப்போது நான் கேட்கவில்லை. அது எனக்கு இன்னமும் ஒரு குறைதான்.

சில மாதங்கள் கழித்துச் சீனக்குடாவுக்கு ஒரு காணி அலுவலாகப் போகவேண்டியிருந்தது. பஸ் நிலையத்தில் வெயிலுக்குள் நின்றேன். தலைமயிர் நரைத்துப்போன சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடை, எல்லாருக்கும் மேலே அந்தக் கரகரத்த ஒலிபெருக்கி. ஜெயரூபிக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, இதயமும் இருந்தபடி இருக்கிறது என்று ரபீக்கா ஃபோனில் சொல்லியிருந்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றது குரல். அடுத்த சொல்லுக்குமுன் சற்று நின்றது. அந்த இடைவெளியில், ஒலிபெருக்கியின் இரைச்சலுக்குள்ளே, ஒரு சின்ன மூச்சு.

"கிண்ணியா செல்லும் பேருந்து..."

இத்தனை வருடமும் அதே இடத்தில் நின்று அதே அறிவிப்பைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை. என் பஸ் வந்தது. ஏறவில்லை. அவள் அடுத்த அறிவிப்பைச் சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.